ஆறு வருடம் விழுங்கிய மஞ்சள் மாத்திரை: பான்டோப்ரசோல் 40

மிக்ஸிக்கு விமர்சனம் எழுதுகிறோம், ஆறு மாதம்கூட உழைக்காத செருப்புக்கு எழுதுகிறோம். நான் ஒரு நாள் விடாமல் அதிக காலம் பயன்படுத்திய பொருள் எது என்று பார்த்தால் அது வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் 40 மில்லிகிராம் மாத்திரைதான். 2018 கடைசியில் ஆரம்பித்து 2024 வரை, கணக்குப் போட்டால் இரண்டாயிரத்துக்கு மேல் விழுங்கியிருக்கிறேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், கடையில் அன்றைக்கு எது இருந்ததோ அது. உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான், அதனால் இந்த விமர்சனமும் சரக்குக்குத்தான்.

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். தீபாவளி சீசன் வந்தால் காலை ஒன்பதிலிருந்து இரவு பத்து வரை நாற்காலிதான் கதி. அந்த வருடம் இடுப்பு பிடித்துக்கொண்டது, டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டே வேலை பார்த்தேன், சாப்பிட்டும் சாப்பிடாமலும், பாதி நாள் வெறும் டீயோடு. பத்தாம் நாள் மேல்வயிற்றில் கொள்ளிக்கட்டையை வைத்த மாதிரி இருந்தது. பக்கத்து கிளினிக்கில் காட்டினேன். வலி மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டு, காலையில் வெறும் வயிற்றில் ஒன்று என்று பதினைந்து நாளைக்கு இதை எழுதிக் கொடுத்தார்கள். நாலாம் நாள் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. பதினாறாம் நாள் மருந்துக் கடைத் தம்பி, "என்னங்க்கா, இன்னொரு அட்டை தந்துரட்டுங்களா?" என்றான். சரி கொடு என்றேன். அந்தச் சரிதான் ஆறு வருடம் ஓடியது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது வேலை செய்யாத மருந்து என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. என் பெரியப்பாவுக்கு 1970களில் அல்சர் என்று வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள், தொப்புளுக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு இருக்கும், சட்டையைத் தூக்கிக் காட்டிப் பெருமையாகச் சொல்லுவார். அந்தக் காலத்தில் வேறு வழி அதிகம் இல்லை. 1976ல் பிரிட்டனில் அமிலத்தைக் குறைக்கும் சிமெடிடின் வந்தது (கண்டுபிடித்த ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988ல் நோபல் பரிசு), அப்புறம் ரானிடிடின், 1988ல் ஸ்வீடன்காரர்களின் ஒமிப்ரசோல். அதன் தம்பிதான் நம்ம பான்டோப்ரசோல், 1994ல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. இந்த வரிசை வந்த பிறகு அல்சருக்கு வயிற்றைக் கிழிப்பது அபூர்வமாகிவிட்டது. பெரியப்பா இன்றைக்கு அதே வலியோடு போயிருந்தால் ஒரு அட்டை மாத்திரையோடும், அல்சரை உண்டாக்கும் கிருமி இருக்கிறதா என்று ஒரு பரிசோதனையோடும் திரும்பியிருப்பார்.

வேலை செய்யும் விதமும் அழகு. இரைப்பையின் உட்சுவரில் பரைட்டல் செல்கள் என்று இருக்கின்றன, அவற்றில் உள்ள நுண்ணிய பம்புகள்தான் அமிலத்தைப் பீய்ச்சுகின்றன. இந்த மாத்திரை அந்தப் பம்பில் போய்ப் பூட்டுப் போட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும், அதன் பிறகு விடாது. வேடிக்கை என்னவென்றால், அமிலத்தை அடக்க வந்த மருந்துக்கே அமிலம் ஆகாது, பட்டால் சிதைந்துவிடும். அதனால்தான் மேலே அந்த மஞ்சள் பூச்சு. பூச்சோடு இரைப்பையைத் தாண்டி, சிறுகுடலில் கரைந்து, ரத்தத்தில் ஏறி, சுற்றிவளைத்து அதே இரைப்பைச் சுவருக்குப் பின்வாசல் வழியாக வந்து சேருகிறது. இது தெரியாமல் என் அத்தை ஒரு வருடம் இதை அம்மியில் பொடித்துத் தேனில் குழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், விழுங்கச் சிரமமாம். பொடித்தால் பூச்சு போச்சு, பூச்சு போனால் பாதி மருந்து போச்சு.

ரத்தத்தில் ஓரிரண்டு மணி நேரம்தான் தங்கும், ஆனால் பூட்டிய பம்பு பூட்டியதுதான், செல் புதுப் பம்பு செய்தால்தான் திரும்ப அமிலம் வரும். அதனால் ஒரு மாத்திரையின் பலன் ஒரு நாளைக்கு மேலும் நிற்கும். இன்னொரு விஷயம், ஓடிக்கொண்டிருக்கும் பம்பைத்தான் இதால் பூட்ட முடியும். சாப்பாடு வரப்போகிறது என்றால்தான் பம்புகள் ஓட ஆரம்பிக்கும். சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் போடு என்பதற்குக் காரணம் அதுதான். பிரியாணி தின்றுவிட்டு எரியும்போது ஒன்றைப் போட்டுவிட்டு "ஒண்ணும் கேக்கலையே" என்று திட்டுபவர்கள் மாத்திரையைக் குறை சொல்லக் கூடாது. முழுப் பலன் கிடைக்கவே மூன்று நாலு நாள் ஆகும். உடனடி எரிச்சலுக்கு அந்த ரோஸ் நிற மருந்துத் தண்ணீர்தான் சரி, அது இருக்கிற அமிலத்தை அங்கேயே முறிக்கும், பம்போடு அதற்குச் சோலி இல்லை.

அப்புறம் இது கேஸ் மாத்திரையும் இல்லை. நம் ஊரில் நெஞ்செரிச்சல், ஏப்பம், வயிற்று உப்புசம், முதுகுப் பிடிப்பு எல்லாமே கேஸ்தான். எந்த டாக்டரிடம் எதற்குப் போனாலும், சளிக்கு நாலு மாத்திரை எழுதினால் ஐந்தாவதாக ஒரு கேஸ் மாத்திரை. புடவை வாங்கினால் பை இலவசம் மாதிரி. வாயுவுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

சரி, குறைக்கு வருகிறேன். குறை என்ன என்று எனக்கே ஐந்தரை வருடம் தெரியவில்லை. நடுவில் இரண்டு மூன்று தடவை ஊருக்குப் போகும்போது மாத்திரையை மறந்து போயிருக்கிறேன். இரண்டாம் மூன்றாம் நாள் எரிச்சல் பிய்த்துக்கொண்டு வரும், முன்பைவிட மோசமாக. பார்த்தாயா, இது இல்லாமல் நம்மால் முடியாது என்று நினைத்து, போன ஊரிலேயே கடை தேடி வாங்கிப் போடுவேன். ஒரு தடவை பழனியில் கிரிவீதி முழுக்க அலைந்திருக்கிறேன், மலை ஏறியதைவிட மாத்திரைக்கு நடந்தது அதிகம்.

2024ல் சாப்பிட்டதும் மேல்வயிறு கனமாக இருக்கிறது என்று கோயம்புத்தூரில் ஒரு குடல் சிறப்பு டாக்டரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "இந்த மாத்திரை எவ்வளவு நாளாச் சாப்பிடறீங்க?"

"ஆறு வருஷம் ஆகப் போகுதுங்க சார்."

"யாரு எழுதிக் கொடுத்தது?"

"முதல் பதினஞ்சு நாள் டாக்டருங்க. மிச்சம் மருந்துக் கடைத் தம்பி."

சிரிக்கவில்லை மனுஷன். என்டோஸ்கோப்பி பார்க்கணும், கூடவே ஹெலிகோபாக்டர் கிருமிக்கும் சோதனை எடுக்கணும், ஆனால் இந்த மாத்திரை உடம்பில் இருந்தால் கிருமி பதுங்கிக்கொள்ளும், இருந்தாலும் இல்லை என்று காட்டும், இரண்டு வாரம் நிறுத்திவிட்டு வாங்க என்றார். அல்சருக்குப் பெரும்பாலும் காரமும் கவலையும்தான் காரணம் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தபோது, ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல் 1984ல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினாரே, அதே கிருமி. அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005ல் நோபல் கிடைத்தது. வலி மாத்திரையையும் இந்தக் கிருமியையும் கழித்துவிட்டால் அல்சருக்கு மிச்சம் இருக்கும் காரணங்கள் கொஞ்சம்தான்.

அந்த இரண்டு வாரத்தை மட்டும் தனியாக எழுதணும். முதல் நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் இரவு தொண்டை வரை புளிப்பு ஏறி எழுந்து உட்கார்ந்தேன். ஐந்தாம் நாள் பச்சைப்புளி ரசத்தைப் பார்த்தாலே பயம். தலையணை மேல் தலையணை வைத்து, பாதி உட்கார்ந்த மாதிரி தூங்கினேன். கடையில் கணக்கு நோட்டின் மேல் ஒரு கை, நெஞ்சின் மேல் ஒரு கை. ஒரு நாள் ராத்திரி மாரடைப்பாக இருக்குமோ என்று பயந்து இ.சி.ஜி.கூட எடுத்தோம் (இதைக் கிண்டல் செய்ய வேண்டாம், நெஞ்செரிச்சல் என்று அலட்சியமாக இருந்து மாரடைப்பில் போனவர்கள் உண்டு, இடது கை வலி, வியர்வை, மூச்சு வாங்குதல் இருந்தால் உடனே ஓடுங்கள்). டாக்டருக்குப் போன் போட்டு, எனக்கு வியாதி முற்றிவிட்டது போலிருக்கிறது என்றேன். "வியாதி இல்லீங்கம்மா, மாத்திரையை நிறுத்தினதுக்கு வயிறு கொடுக்கற பதில்" என்றார்.

என்ன பதில் என்று அப்புறம் நேரில் காகிதத்தில் படம் போட்டே விளக்கினார். இரைப்பையில் அமிலம் குறைந்தால் உடம்புக்கு அது பிடிக்காது. கேஸ்ட்ரின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரந்து, இன்னும் அமிலம் போடு, இன்னும் போடு என்று கத்தும். பம்புகள் பூட்டியிருப்பதால் கத்தல் யார் காதிலும் விழாது. ஆனால் கத்திக் கத்தி வேறொன்று நடக்கிறது: அந்தக் கட்டளையைக் கடத்தும் ஹிஸ்டமின் செல்கள் பெருகுகின்றன, அமிலம் சுரக்கும் பரைட்டல் செல்கள் வீங்கி உப்பி, நுண்ணோக்கியில் பார்த்தால் சுரப்பியின் உள்விளிம்பு ரம்பப் பல் மாதிரி தெரியுமாம். ஒரு நாள் பூட்டைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? கூட்டம் பெருத்துப்போன பட்டறையில் எல்லா மிஷினையும் ஒரே நேரத்தில் ஓட்டியதுபோல்தான். மருந்து ஆரம்பிக்கும் முன் இருந்ததைவிட அதிக அமிலம் சில வாரங்களுக்கு வரும்.

டென்மார்க்கில் 2009ல் வெளியான ஆய்வு ஒன்றையும் சொன்னார், வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். வயிற்றில் எந்தக் கோளாறும் இல்லாத 120 பேர். பாதிப் பேருக்கு எட்டு வாரம் இதே இனத்து எசோமிப்ரசோல் 40 மில்லிகிராம், அப்புறம் நாலு வாரம் அவர்களுக்கே தெரியாமல் வெறும் மாவு மாத்திரை. மீதிப் பாதிக்கு ஆரம்பத்திலிருந்தே மாவு. கடைசி நாலு வாரத்தில் மருந்தை நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேருக்கு எரிச்சல், எதுக்களிப்பு, அஜீரணம். மாவு மட்டும் சாப்பிட்டவர்களில் 15 சதவீதம். நல்ல வயிற்றோடு உள்ளே போனவர்கள் இவர்கள்! இதைப் படித்தபோதுதான் பழனி கிரிவீதி ஞாபகம் வந்தது. எனக்கு மாத்திரை தேவை என்பதற்கு ஆதாரமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது மாத்திரை செய்த வேலை. ஆறு வருடம் சாப்பிட்டதில் கடைசி ஐந்தரை வருடம் எதற்காகச் சாப்பிட்டேன் என்று கேட்டால், முந்தின நாள் சாப்பிட்டதற்காக என்றுதான் சொல்லணும். கணக்கு எழுதுகிறவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம், வட்டிக்கு வட்டி.

என்டோஸ்கோப்பி ரிசல்ட்டுக்கு வருவோம். கிருமி இல்லை. அல்சர் இல்லை. இரைப்பையின் மேல் பாகத்தில் மூன்று குட்டிக் கட்டிகள், ஒவ்வொன்றும் கடுகளவுதான். திரையில் நானே பார்த்தேன், ஈரமான ரோஸ் நிறச் சுவரில் மழைத்துளி ஒட்டிக்கொண்டதுபோல் பளபளவென்று. கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. ஃபண்டிக் கிளாண்ட் பாலிப், இந்த மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு வருவது சகஜம், சுரப்பிகள் விரிந்து உப்புவதால் வருவது, நிறுத்தினால் பெரும்பாலும் தானே வற்றிவிடும் என்றார். ஒன்றைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், பயப்படும்படி எதுவும் இல்லை என்று வந்தது.

இந்த மருந்து இரைப்பைச் சுவரை ஆற்றுகிறதா கெடுக்கிறதா என்று நேராகவே கேட்டேன். அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். நம் இரைப்பை தன்னைத்தானே தின்றுவிடாமல் இருப்பதே அதிசயம். உள்ளே இருக்கும் அமிலத்தின் பி.எச். (குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 1.5, 2 என்கிற கணக்கு, ஆனால் சுவரை ஒட்டிய சளிப்படலத்துக்கு அடியில் கிட்டத்தட்ட 7, பச்சைத் தண்ணீர் மாதிரி. மேலடுக்குச் செல்கள் சில நாளுக்கு ஒரு தடவை புதுசாகிக்கொண்டே இருக்கும். வலி மாத்திரை இந்தச் சளியையும் ரத்த ஓட்டத்தையும் குறைத்துவிடுகிறது, என் வயிற்றில் நடந்தது அது. பான்டோப்ரசோல் சுவரில் எதையும் பூசுவதில்லை, ஒட்டுவதில்லை. அமிலத்தைத் தள்ளி நிற்க வைக்கிறது, சுவர் தன்னைத்தானே கட்டிக்கொள்கிறது. சிறுகுடல் புண்ணுக்கு நாலு வாரம், இரைப்பைப் புண்ணுக்கு எட்டு வாரம் என்று கணக்கு. அதற்குப் பிறகும் தள்ளி நிற்க வைத்தால் நன்மை இல்லாமல் மேற்சொன்ன வீக்கமும் பெருக்கமும்தான் மிச்சம். வயிற்றில் அந்தக் கிருமியை வைத்துக்கொண்டே வருடக்கணக்கில் சாப்பிட்டால் இன்னொரு சிக்கல், அழற்சி இரைப்பையின் கீழ்ப்பாகத்திலிருந்து மேலே அதன் நடுப்பாகத்துக்கு ஏறும், அங்கே சுரப்பிகள் தேய்ந்து போக வாய்ப்பு உண்டு. அதனால் நீண்ட நாள் சாப்பிடப் போகிறவர்கள் கிருமி இருக்கிறதா என்று பார்த்து ஒழித்துவிடுவது நல்லது.

புற்றுநோய் வருமா என்பதுதான் எல்லாரும் கேட்பது. 1984ல் ஒமிப்ரசோலை எலிகளுக்கு ஆயுள் முழுக்க அதிக அளவில் கொடுத்துப் பார்த்தபோது அந்த ஹிஸ்டமின் செல்களில் கட்டி வந்தது, மனிதர்களிடம் நடந்துகொண்டிருந்த சோதனைகளையே நிறுத்தி வைத்தார்கள். காரணம் கேஸ்ட்ரின்தான், மருந்து நேராக விஷமில்லை என்று தெரிந்த பிறகு திரும்ப ஆரம்பித்தார்கள். மனிதர்களிடம் செல் கொஞ்சம் பெருகுவதைப் பார்க்கிறார்கள், எலிக்கு வந்ததுபோல் கட்டி வருவதைப் பொதுவாகப் பார்க்கவில்லை. வாட்ஸ்அப்பில் வரும் "கேஸ் மாத்திரை சாப்பிட்டால் கேன்சர்" வகையறாவை நம்பிப் பதற வேண்டாம். எலும்பு முறிவு, மெக்னீசியம் குறைவு என்று அமெரிக்க மருந்துத் துறை 2010, 2011ல் எச்சரிக்கை போட்டது உண்மை. அதே சமயம் 2019ல் வெளியான ஒரு பெரிய சோதனையில் 17,598 பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்து இதே பான்டோப்ரசோல் 40ஐயும் மாவு மாத்திரையையும் மூன்று வருடம் போலக் கொடுத்துப் பார்த்தார்கள், தெளிவாகக் கூடியது குடல் தொற்று மட்டும்தான், 1.0 சதவீதம் 1.4 ஆனது. அமிலம் நம் வாசல் காவல்காரன், அவனைத் தூங்க வைத்தால் பானிபூரித் தண்ணீரில் வரும் கிருமிக்குக் கொண்டாட்டம்.

எனக்கு பி12 வைட்டமின் எல்லைக்கோட்டில் இருந்தது. ஞாயிறு தவறாமல் கறி எடுக்கிற வீடு, வாரம் நாலு முட்டை, பி12 கிடைக்கிற சாப்பாடுதான். சாப்பாட்டில் உள்ள பி12ஐப் பிரித்தெடுக்கவும் அமிலம் வேண்டும். என் விஷயத்தில் இதுதான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

இனி முக்கியமான ஒன்று. இதைப் படித்துவிட்டு யாராவது அம்மா அப்பாவின் மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் போட்டால் நான் பொறுப்பில்லை. என் அம்மாவுக்கு இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறார், 71 வயது. அவருக்கு இதே மஞ்சள் மாத்திரை தினமும் உண்டு, அவர் நிறுத்தக் கூடாது, வயிற்றில் ரத்தம் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. (குளோபிடோக்ரெலோடு ஒமிப்ரசோல் ஒத்துப்போகாது, அதன் வேலையைக் குறைக்கும், அதனால்தான் பான்டோப்ரசோல்.) ரத்த வாந்தி எடுத்தவர்கள், உணவுக்குழாய் மோசமாகப் புண்ணானவர்கள், இவர்களுக்கும் அப்படித்தான். ஒரே வீட்டில் ஒரே டப்பாவில் இருக்கும் ஒரே மாத்திரை, அம்மாவுக்குக் கவசம், எனக்குப் பழக்கம். மலம் தார் மாதிரி கறுத்தாலோ, விழுங்கக் கஷ்டமானாலோ, எடை சும்மா இறங்கினாலோ மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் வேண்டாம், நேராக டாக்டர்.

நான் நிறுத்தியது எப்படி என்று அலுவலகத்தில் இரண்டு பேர் கேட்டார்கள். சோதனை முடிந்ததும் மாத்திரையைத் திரும்ப எடுத்து, டாக்டர் சொன்னபடி ஒரு மாதம் 20 மில்லிகிராம், அடுத்த மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம் நிறுத்தம். எரியும் நாளில் ரோஸ் நிற மருந்து இரண்டு ஸ்பூன், தாங்காத இரவில் ஃபாமோடிடின் என்ற வேறு வகை அமில மாத்திரை. (ரானிடிடின் கேட்டேன். மாத்திரையில் மாசுப் பொருள் இருந்த சிக்கலில் அமெரிக்காவில் 2020ல் வாபஸ் ஆனது, இங்கே 2022ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள், வேண்டாம் என்றார்.) ராத்திரிச் சாப்பாடு எட்டுக்குள், கட்டிலின் தலைமாட்டில் இரண்டு செங்கல். முதல் மூன்று வாரம் கஷ்டம். ஏழாவது வாரம் ஒரு நாள் பள்ளிபாளையம் சிக்கன் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனேன், காலையில்தான் எதுவும் எரியவில்லை என்பதே உறைத்தது.

விலை: பெரிய கம்பெனி அட்டைக்கும் மக்கள் மருந்தக அட்டைக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம், அம்மாவுக்கு இப்போது மக்கள் மருந்தகத்தில்தான் வாங்குகிறேன், ஒரு குறையும் இல்லை.

மருந்துக்கு ஐந்துக்கு நாலரை. அது சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தது. அட்டையில் நிறுத்தும் தேதி இல்லாமல் என்னிடம் வந்து சேர்ந்த விதத்துக்கு ஒன்று, அதில் பாதித் தப்பு என்னுடையது, பழைய சீட்டை ஒரு தடவைகூட யாரிடமும் திரும்பக் காட்டவில்லை. போன வாரம் அம்மாவின் அட்டை தீர்ந்து அவசரத்துக்குப் பழைய கடைக்கே போனேன். தம்பி என்னைப் பார்த்ததும் அலமாரியில் கை வைத்துவிட்டான். "ரெண்டு அட்டைங்களா அக்கா?" என்றான். ஒன்று போதும் என்றேன், அம்மாவுக்கு. "உங்களுக்கு?" என்று ஒரு மாதிரி பார்த்தான், வாடிக்கையாளர் கைவிட்டுப் போன வருத்தம் அவன் முகத்தில் நன்றாகவே தெரிந்தது.